சிதறுகுண்டுத் துப்பாக்கியும் சட்டமும்: மாற்றத்துக்குக் கடும் தண்டனை, பராமரிப்புக்கு வழி எங்கே?

புதுதில்லி: உரிமம் பெற்ற துப்பாக்கியை ஒரு வகையிலிருந்து வேறொரு வகைக்கு மாற்றி அமைப்பவருக்குக் குறைந்தபட்சம் 7 ஆண்டு சிறை, அதிகபட்சம் ஆயுள் தண்டனை என்பது இந்தியாவில் இன்று நடைமுறையில் உள்ள சட்டம். 2019 டிசம்பரில் நடைமுறைக்கு வந்த ஆயுதச் சட்டத் திருத்தம் இந்தக் கடுமையைக் கொண்டுவந்தது. மறுபுறம், பயிர்களை அழிக்கும் காட்டுப்பன்றிகளைச் சுட உரிமத் துப்பாக்கி வைத்திருப்பவர்களின் உதவியைக் கேரளம் போன்ற மாநிலங்கள் நாடுகின்றன. துப்பாக்கியை மாற்றக்கூடாது என்று சட்டம் உறுதியாகச் சொல்கிறது. ஆனால், பல பத்தாண்டுகள் பழைமையான துப்பாக்கியைப் பழுதில்லாமல் வைத்திருக்க உரிமதாரர் எங்கே செல்வது என்ற கேள்விக்குத் தெளிவான விடை இல்லை.

மாற்றம், பராமரிப்பு ஆகிய இரண்டுக்கும் இடையிலான கோடு எவ்வளவு மெல்லியது என்பதை அரைத் தானியங்கி சிதறுகுண்டுத் துப்பாக்கி என்ற ஒரே ஆயுதத்தைக் கொண்டு விளக்கிவிடலாம். உலகின் பல நாடுகள் இந்த ஆயுதத்தின் ஒரு குழாய், ஒரு சுருள்வில், ஒரு குழலின் நீளம் ஆகியவற்றை முன்வைத்தே தங்கள் சட்டங்களை எழுதியுள்ளன.

ஆயுதம் இயங்கும் விதம்

பேச்சுவழக்கில் 'ஷாட்கன்' எனப்படும் சிதறுகுண்டுத் துப்பாக்கியின் குழல் உட்புறம் வழவழப்பானது. ரைஃபிளின் குழலுக்குள் இருக்கும் முறுக்குப் பள்ளங்கள் இதில் இல்லை. ஒரு தோட்டாவிலிருந்து பல ரவைகள் ஒரே நேரத்தில் வெளியேறிப் பரவுகின்றன. இந்தியாவில் பரவலாக உள்ள '12 போர்' என்ற அளவு, ஒரு பவுண்டு ஈயத்தை 12 சம உருண்டைகளாக்கினால் ஓர் உருண்டைக்குக் கிடைக்கும் விட்டத்தைக் குறிக்கிறது. அது ஏறத்தாழ 18.5 மில்லிமீட்டர்.

நம் கிராமங்களில் காணப்படும் ஒற்றைக்குழல், இரட்டைக்குழல் துப்பாக்கிகளை நடுவில் மடக்கித் தோட்டாவைக் கையால் இட வேண்டும். 'பம்ப் ஆக்ஷன்' வகையில், குழலுக்கு அடியிலுள்ள பிடியை முன்னும் பின்னும் இழுத்தால் அடுத்த தோட்டா உள்ளே செல்லும். அரைத் தானியங்கி வகையில் அந்த வேலையையும் துப்பாக்கியே செய்துகொள்கிறது. விசையை ஒவ்வொரு முறை அழுத்தும்போதும் ஒரு வெடிப்பு நிகழ்கிறது. காலி உறை வெளியேறி, அடுத்த தோட்டா தானாக அறைக்குள் வந்து அமர்கிறது.

இவ்வகையில் பெரும் வெற்றி பெற்ற முதல் வடிவம், அமெரிக்க வடிவமைப்பாளர் ஜான் பிரவுனிங் உருவாக்கிய 'ஆட்டோ-5'. பெல்ஜியத்தின் எஃப்.என். நிறுவனம் 1902 முதல் அதைத் தயாரித்தது. சுடும்போது குழலே பின்னோக்கி நகரும் அமைப்பு அது. பின்னர் இரண்டு தொழில்நுட்பங்கள் நிலைபெற்றன. வெடிப்பில் உண்டாகும் வாயுவில் ஒரு பகுதியைக் குழலிலுள்ள துளை வழியாக எடுத்து உந்துதண்டைத் தள்ளுவது முதல் முறை. 1963இல் சந்தைக்கு வந்த 'ரெமிங்டன் 1100' இதற்குப் புகழ்பெற்ற உதாரணம். துப்பாக்கி பின்னோக்கி உதைக்கும்போது, அதன் பூட்டுப்பகுதிக்குள் இருக்கும் வலுவான சுருள்வில் அமுங்கி விரிவதைப் பயன்படுத்திக்கொள்வது இரண்டாம் முறை. இத்தாலியின் பெனெல்லி நிறுவனம் இந்த நிலைமத் தொழில்நுட்பத்தை உலகெங்கும் பரப்பியது.

பராமரிப்பில் இரண்டும் வேறுபடுகின்றன. வாயு முறையில் எரிந்த மருந்தின் கரி உந்துதண்டைச் சுற்றியும் வாயுத் துளைகளிலும் படிகிறது. அதைத் துடைக்காவிட்டால் வாயு அழுத்தம் குறைந்து, காலி உறை முழுமையாக வெளியேறாமல் சிக்கிக்கொள்ளும். சில வடிவங்களில் வாயுக் கசிவைத் தடுக்கும் ரப்பர் வளையம் தேய்ந்தாலே துப்பாக்கி இயங்காது. அதன் விலை அற்பமானது, அதைச் சார்ந்தே முழு ஆயுதமும் நிற்கிறது. நிலைம முறையில் கரி அவ்வளவாகச் சேர்வதில்லை. ஆனால் துப்பாக்கி பின்னோக்கி நகர்வதற்கு இடம் இருக்க வேண்டும்.

கூட்டுவதும் குறைப்பதும்

அமெரிக்காவில் இந்தத் துப்பாக்கிகளுக்கான உதிரிபாகச் சந்தை மிகப் பெரியது. பெரிய பூட்டுக் கைப்பிடி, தோள்பகுதியில் பொருத்தும் உதை தாங்கும் மெத்தை, குறிபார்க்கும் ஒளிப்புள்ளிக் கருவி, பக்கவாட்டில் கூடுதல் தோட்டாக்களைத் தாங்கும் பட்டை, தோட்டாக் குழாயின் நீட்டிப்பு எனப் பட்டியல் நீளும். தம் உடல்வாகுக்கும் தேவைக்கும் ஏற்பத் துப்பாக்கியை அமைத்துக்கொள்வது அங்கே தனிப் பொழுதுபோக்காகவே வளர்ந்துள்ளது.

ஆயினும் சேர்க்கும் ஒவ்வொன்றுக்கும் ஒரு விலை உண்டு. நிலைம முறைத் துப்பாக்கியில் விளக்கு, தோட்டாப் பட்டை, ஒளிப்புள்ளிக் கருவி என எடையைக் கூட்டிக்கொண்டே போனால், துப்பாக்கி பின்னோக்கி நகரும் வேகம் குறையும். வலுக்குறைந்த தோட்டாக்களைப் பயன்படுத்தும்போது சுருள்வில் போதிய அளவு அமுங்காது. அடுத்த தோட்டா ஏறாமல் நின்றுவிடும். மேம்படுத்துவதாக எண்ணிச் செய்த மாற்றமே இங்குப் பழுதுக்குக் காரணமாகிறது.

குழலின் வாயில் திருகிப் பொருத்தும் 'சோக்' எனப்படும் சிறு குழாய் இன்னொரு உதாரணம். குழலின் முனையைச் சற்றே குறுக்கி, ரவைகள் பரவும் அகலத்தைக் கட்டுப்படுத்துவது அதன் பணி. நெருங்கிய இலக்குக்கு விரிந்த சோக்கும், தொலைவிலுள்ள இலக்குக்கு இறுகிய சோக்கும் பொருந்தும். ஈயம் மென்மையானது, எஃகு ரவை கடினமானது. மிக இறுகிய சோக் வழியாக எஃகு ரவைகளைச் சுட்டால் குழல்முனை வீங்கிப் பழுதாகலாம். நீர்ப்பறவைகள் ஈயத்தை விழுங்கி நஞ்சேறி மடிவதைத் தடுக்க, அவற்றை வேட்டையாட ஈய ரவைகளைப் பயன்படுத்துவதை அமெரிக்கா 1991 முதல் நாடு முழுவதும் தடை செய்தது. ஐரோப்பிய ஒன்றியத்தின் ஈரநிலங்களில் 2023 முதல் தடை உள்ளது. இதனால் பழைய குழல்களுக்கு எந்தத் தோட்டா பொருந்தும் என்ற கேள்வி அங்கே அன்றாடப் பேச்சாகிவிட்டது.

இந்த மாற்றங்களில் பெரும்பாலானவை வசதிக்கானவை; அவற்றால் ஆயுதத்தின் தன்மை மாறுவதில்லை. தோட்டாக் கொள்ளளவும் குழலின் நீளமும் அப்படியல்ல. முன்னது ஒரே மூச்சில் எத்தனை முறை சுட முடியும் என்பதையும், பின்னது ஆயுதத்தை மறைத்து எடுத்துச் செல்ல முடியுமா என்பதையும் முடிவு செய்கிறது. பல நாடுகளின் சட்டங்கள் இந்த இரண்டின் மீதே கண் வைத்துள்ளன.

பிற நாடுகள் வகுத்த எல்லைகள்

அமெரிக்காவில் 1934ஆம் ஆண்டின் தேசியத் துப்பாக்கிச் சட்டம், 18 அங்குலத்துக்கும் குறைவான குழல் கொண்ட சிதறுகுண்டுத் துப்பாக்கிகளைச் சிறப்புப் பதிவுக்கு உட்படுத்தியது. 1935 முதல், வலசைப் பறவைகளை வேட்டையாடுவோர் மூன்று தோட்டாக்களுக்கு மேல் கொள்ளாத துப்பாக்கியையே பயன்படுத்த வேண்டும். அதனால் கூடுதல் கொள்ளளவு உள்ள துப்பாக்கியின் தோட்டாக் குழாய்க்குள் ஓர் அடைப்பானைச் செருகுகின்றனர். பறவைகளைக் காக்கப் பிறந்த விதி, சிறு மரக்குச்சி போன்ற ஒரு பாகத்தைச் சட்டத்தின் கருவியாக்கிவிட்டது. இறக்குமதித் துப்பாக்கிகள் தொடர்பான இன்னொரு விதி பாகங்களை எண்ணவே செய்கிறது. விளையாட்டுப் பயன்பாட்டுக்கு ஏற்றதல்ல என்று இறக்குமதி மறுக்கப்பட்ட வடிவத்தை உள்நாட்டில் ஒருங்கிணைத்தால், பட்டியலிடப்பட்ட 20 பாகங்களில் 10க்கு மேல் வெளிநாட்டில் தயாரானவையாக இருக்கக்கூடாது.

பிரிட்டனில் 1987இல் ஹங்கர்ஃபோர்டு நகரில் 16 பேர் சுட்டுக் கொல்லப்பட்டதைத் தொடர்ந்து 1988இல் சட்டம் திருத்தப்பட்டது. சாதாரணச் சிதறுகுண்டுத் துப்பாக்கிச் சான்றிதழில் அரைத் தானியங்கி வைத்திருக்க வேண்டுமானால், அதன் தோட்டாக் குழாய் இரண்டுக்கு மேல் கொள்ளாததாகவும் கழற்ற முடியாததாகவும் இருக்க வேண்டும். பெரிய குழாயை நிரந்தரமாகச் சுருக்கிக்கொள்ளலாம். ஆனால் அந்த வேலை சரியாக முடிந்தது என்று லண்டன் அல்லது பர்மிங்காமில் உள்ள துப்பாக்கிச் சோதனைக் கூடம் முத்திரையிட்டுச் சான்றளிக்க வேண்டும். மாற்றத்தை அனுமதித்து, அதை ஒரு நிறுவனத்தின் சான்றுக்கு உட்படுத்துவது பிரிட்டனின் வழி.

ஆஸ்திரேலியாவில் 1996 ஏப்ரல் 28 அன்று போர்ட் ஆர்தரில் 35 பேர் கொல்லப்பட்டனர். அதன்பின் உருவான தேசியத் துப்பாக்கி உடன்பாடு அரைத் தானியங்கி, பம்ப் ஆக்ஷன் சிதறுகுண்டுத் துப்பாக்கிகளைக் கடுமையாகக் கட்டுப்படுத்தியது. ஏறத்தாழ ஆறரை லட்சம் துப்பாக்கிகளை அரசு விலை கொடுத்துத் திரும்பப் பெற்றது. இருபது ஆண்டுகள் கழித்து, நெம்புகோல் முறையில் இயங்கும் 'அட்லர்' என்ற சிதறுகுண்டுத் துப்பாக்கியின் இறக்குமதி பெரும் சர்ச்சையைக் கிளப்பியது. அரைத் தானியங்கி அல்லாததால் அது எளிய பிரிவில் இருந்தது. ஆனால் பல தோட்டாக்களை விரைவாகச் சுட வல்லது. 2016 டிசம்பரில், ஐந்துக்கு மேல் கொள்ளும் வடிவங்களை மிகக் கடுமையான பிரிவுக்கு மாற்ற மாநிலங்களும் மத்திய அரசும் உடன்பட்டன. இயங்கும் முறையைக் கொண்டு வகுத்த சட்டம் கொள்ளளவைக் கணக்கில் கொள்ள நேரமாயிற்று.

நியூசிலாந்தின் பாடம் இதைவிடக் கசப்பானது. 2019 மார்ச் 15 அன்று கிறைஸ்ட்சர்ச் மசூதிகளில் 51 பேரைக் கொன்றவர், சாதாரண உரிமத்தில் சட்டப்படி வாங்கிய அரைத் தானியங்கித் துப்பாக்கிகளில் பெரிய தோட்டாக்கூடுகளைப் பொருத்தியிருந்தார். அப்படிப் பொருத்திய நொடியில் அந்த ஆயுதங்கள் கடும் கட்டுப்பாடு உள்ள பிரிவுக்குரியவையாகிவிட்டன. ஆனால் அந்தக் கூடுகளைத் தனியே வாங்குவதற்குத் தடையில்லை. ஒரு மாதத்துக்குள் 119-க்கு 1 என்ற வாக்கில் நாடாளுமன்றம் நிறைவேற்றிய சட்டம், ஆயுதங்களோடு தோட்டாக்கூடுகளையும் பாகங்களையும் சேர்த்தே தடை செய்தது. அதே சட்டம், கழற்ற முடியாத, ஐந்து தோட்டாக்கள் வரை மட்டுமே கொள்ளும் குழாய் உள்ள அரைத் தானியங்கி சிதறுகுண்டுத் துப்பாக்கிகளுக்கு விலக்கு அளித்தது. விவசாயிகளும் வாத்து வேட்டையாடுவோரும் பயன்படுத்தும் கருவிக்கும் படுகொலைக்கு உதவும் கருவிக்கும் நடுவே ஒரு குழாயின் நீளமே எல்லையாயிற்று.

இந்தியச் சட்டத்தின் நிலை

இந்தியாவின் அணுகுமுறை வேறு. 1959ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டத்தின் கீழ் வகுக்கப்பட்ட விதிகளின் முதல் அட்டவணை, சில விலக்குகள் தவிர அரைத் தானியங்கிச் சுடுகருவிகளை முதல் வகையில், அதாவது தடை செய்யப்பட்ட ஆயுதங்களின் வரிசையில் வைக்கிறது. .32 அளவு கைத்துப்பாக்கி போன்றவை விலக்குப் பெறுகின்றன. அரைத் தானியங்கி சிதறுகுண்டுத் துப்பாக்கிக்கு விலக்கு இல்லை. 20 அங்குலத்துக்கும் குறைவான குழல் கொண்ட வழவழப்புக் குழல் துப்பாக்கிகளும் அதே வரிசையில் உள்ளன. பம்ப் ஆக்ஷன் வகை சாதாரண உரிமத்தில் கிடைக்கிறது. மேற்கு வங்கத்தின் இஷாப்பூர் துப்பாக்கித் தொழிற்சாலை 12 போர் பம்ப் ஆக்ஷன் துப்பாக்கியைத் தயாரிக்கிறது. அந்த ஆலையும் திருச்சிராப்பள்ளி படைக்கலத் தொழிற்சாலையும் 2021 அக்டோபர் முதல் கான்பூரைத் தலைமையிடமாகக் கொண்ட ஒரே பொதுத்துறை நிறுவனத்தின் கீழ் இயங்குகின்றன.

நியூசிலாந்து 2019இல் அடைத்த ஓட்டையை இந்தியச் சட்டம் தொடக்கத்திலேயே அடைத்திருந்தது. 'ஆயுதம்' என்ற சொல்லின் வரையறைக்குள் ஆயுதத்தின் பாகங்களும் அடங்கும். தயாரிப்பு, விற்பனைக்கு மட்டுமின்றி, மாற்றியமைப்பதற்கும் பழுதுபார்ப்பதற்கும் சோதிப்பதற்கும் உரிமம் தேவை என்று 5ஆம் பிரிவு கூறுகிறது. குழலைக் குறுக்குவதையும், போலித் துப்பாக்கியை உண்மைத் துப்பாக்கியாக்குவதையும் 6ஆம் பிரிவு உரிமத்துக்கு உட்படுத்துகிறது. அடையாள எண்களை அழிப்பதையும் திருத்துவதையும் 8ஆம் பிரிவு தடுக்கிறது.

2019 திருத்தம் இந்த 6ஆம் பிரிவில் ஒரு வரியைச் சேர்த்தது: விதிகளில் சொல்லப்பட்ட எந்த வகையிலிருந்தும் வேறு வகைக்குச் சுடுகருவியை மாற்றுவதும் இனி அப்பிரிவின் கீழ் வரும். இத்தகைய மீறல்களுக்கு முன்பு 3 முதல் 7 ஆண்டு வரை இருந்த தண்டனை, 7 ஆண்டு முதல் ஆயுள் வரை உயர்ந்தது. தடை செய்யப்பட்ட ஆயுதத்தை வைத்திருப்பதற்கான சிறைத் தண்டனை 7 முதல் 14 ஆண்டாயிற்று. கொண்டாட்டங்களில் வானை நோக்கிச் சுட்டுப் பிறர் உயிருக்கு ஆபத்து விளைவித்தால் 2 ஆண்டு வரை சிறையோ, ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதமோ, இரண்டுமோ விதிக்கலாம். ஒருவர் வைத்திருக்கக்கூடிய துப்பாக்கிகளின் எண்ணிக்கை மூன்றிலிருந்து இரண்டாகக் குறைந்தது; மசோதா முதலில் ஒன்றையே முன்மொழிந்திருந்தது. உரிமத்தின் காலம் 3 ஆண்டிலிருந்து 5 ஆண்டாக நீண்டது.

இந்தக் கடுமைக்கு வலுவான நியாயம் உண்டு. அமெரிக்காவில் ஆயுதம் ஏந்துவது அடிப்படை உரிமை. இந்திய அரசமைப்பில் அப்படியோர் உரிமை யாருக்கும் வழங்கப்படவில்லை என்பதை உச்ச நீதிமன்றம் 2023 பிப்ரவரியில் சுட்டிக்காட்டியது. உரிமமற்ற துப்பாக்கிகளின் பெருக்கம் குறித்துத் தானாக முன்வந்து விசாரணையைத் தொடங்கியபோது நீதிபதிகள் கே.எம். ஜோசப், பி.வி. நாகரத்னா அமர்வு இதைக் கூறியது. பீகாரின் முங்கேர் நகரம் மற்றொரு காரணம். பல தலைமுறைகளாக உரிமம் பெற்ற துப்பாக்கிக் கூடங்கள் இயங்கிய அந்த ஊர், சட்டவிரோதத் துப்பாக்கிகளின் உற்பத்திக்கும் பெயர் பெற்றுவிட்டது. கைத்திறன் உள்ளவரிடம் உதிரிபாகங்கள் தடையின்றிப் போய்ச் சேர்ந்தால் என்ன நேரும் என்பதற்கு வெளிநாட்டு உதாரணம் தேவையில்லை.

பழைய குழல்களின் ஆபத்து

சிக்கல் வேறிடத்தில் உள்ளது. 'மாற்றியமைத்தல்', 'பழுதுபார்த்தல்' ஆகிய இரு சொற்களும் சட்டத்தின் ஒரே பிரிவில் அடுத்தடுத்து நிற்கின்றன. இரண்டுக்கும் உரிமம் வேண்டும். இரண்டிலும் மீறலுக்குத் தண்டனை ஒன்றே. உரிமதாரர் தம் துப்பாக்கியைத் துடைத்து எண்ணெய் இடுவதை யாரும் குற்றம் என்று சொல்லமாட்டார்கள். தேய்ந்த சுருள்வில்லையோ சுடும் ஊசியையோ மாற்றுவது பழுதுபார்ப்பு; அதை உரிமம் பெற்றவரே செய்ய வேண்டும். அத்தகைய உரிமக் கூடங்கள் பெரும்பாலும் நகரங்களில்தான் உள்ளன. துப்பாக்கியின் உண்மையான தேவை வனத்தையொட்டிய சிற்றூர்களில் இருக்கிறது.

அங்குள்ள துப்பாக்கிகளில் பல, தந்தையிடமிருந்தோ தாத்தாவிடமிருந்தோ வந்தவை. சட்டம் மரபுரிமையாக வரும் துப்பாக்கிக்கு வழிவிடுகிறது. ஆனால் வயது அதன் எஃகை விட்டுவைப்பதில்லை. இரட்டைக்குழல் துப்பாக்கியில் குழலும் பின்பகுதியும் பொருந்தும் பூட்டு தேய்ந்து இடைவெளி விழுந்தால், வெடிப்பின் அழுத்தம் சுடுபவரின் முகத்தை நோக்கித் திரும்பக்கூடும். குழலின் உட்புறத்தில் துருவால் ஏற்பட்ட பள்ளங்கள் சுவரை மெலியச் செய்கின்றன. சேறோ, துடைக்கும்போது விட்டுப்போன துணியோ குழலை அடைத்திருந்தால் சுடும் நேரத்தில் குழல் பிளக்கும்.

அதிகம் பேசப்படாத இன்னோர் ஆபத்து தோட்டா அறையின் நீளம். பழைய 12 போர் துப்பாக்கிகள் பலவற்றில் அறை 65 மில்லிமீட்டர் தோட்டாவுக்காகக் கடையப்பட்டது. இன்றைய தோட்டாக்களில் பல 70 மில்லிமீட்டர். 76 மில்லிமீட்டர் வகையும் உண்டு. நீளமான தோட்டாவின் மடிப்பு திறக்க இடமின்றிப் போனால் அறையின் அழுத்தம் அபாயகரமாக உயரும். சுடுவதற்கு முன் மடிந்திருக்கும் நிலையில், நீளத் தோட்டாவும் குறுகிய அறைக்குள் சிரமமின்றி நுழைந்துவிடும் என்பதே இதன் கொடுமை. குழலின் அடிப்பகுதியில் பொறித்துள்ள அளவைப் படிக்கத் தெரிந்தவருக்கு மட்டுமே இது விளங்கும்.

தேர்தல் காலம் இந்தச் சிக்கலை மேலும் கூட்டுகிறது. நடத்தை விதிகள் நடைமுறையில் உள்ளபோது, மாவட்ட நிர்வாகம் கேட்டுக்கொண்டபடி உரிமத் துப்பாக்கிகள் காவல் நிலையத்திலோ அங்கீகரிக்கப்பட்ட விற்பனையகத்திலோ ஒப்படைக்கப்படுகின்றன. பொது அமைதிக்கு இது பயனுள்ள ஏற்பாடு. ஆனால் ஈரக்காற்று வீசும் கடலோர, மலை மாவட்டங்களில் எண்ணெய் இடாமல் வாரக்கணக்கில் கிடக்கும் குழலில் துரு படிவது இயல்பு.

அரசே அழைக்கும்போது

கேரள அரசு 2022 மே மாதத்தில், விளைநிலங்களில் புகும் காட்டுப்பன்றிகளைச் சுட உத்தரவிடும் அதிகாரத்தை உள்ளாட்சித் தலைவர்களுக்கு வழங்கியது. சுடும் பணி உரிமத் துப்பாக்கி வைத்திருப்பவர்களிடம் ஒப்படைக்கப்பட்டது. தமிழ்நாடு 2025 ஜனவரியில் வேறு வழியைத் தேர்ந்தது. காப்புக்காட்டிலிருந்து 3 கிலோமீட்டருக்கு அப்பால் வரும் பன்றிகளை வனத்துறையினரே சுடுவர் என்பது அதன் முடிவு.

இரு முடிவுகளிலும் நன்மையும் குறையும் உள்ளன. கேரளத்தின் வழி விரைவானது. உதவி பக்கத்து வீட்டிலிருந்தே வரும். ஆனால் அந்த உதவி எத்தனை ஆண்டு பழைய துப்பாக்கியோடு வருகிறது, அது கடைசியாக எப்போது சோதிக்கப்பட்டது என்பவை முக்கியமான கேள்விகள். இரவில், ரப்பர் தோட்டத்துக்கும் வீடுகளுக்கும் நடுவே சுடும்போது பழுதான துப்பாக்கி பன்றியைவிட மனிதருக்கே அதிக ஆபத்தானது. தமிழ்நாட்டின் வழியில் ஆயுதமும் பயிற்சியும் துறையின் பொறுப்பில் இருக்கின்றன. ஆனால் பணியாளர் வந்து சேரும்வரை பயிர் காத்திருக்காது என்பது விவசாயிகளின் வாதம்.

பராமரிப்பு ஒரு சமூகத்தின் பழக்கமாகவே இருக்க முடியும் என்பதற்குக் கர்நாடகத்தின் குடகு மாவட்டம் சான்று. கொடவர்களுக்கும் ஜம்மா நில உரிமையாளர்களுக்கும் துப்பாக்கி உரிமத்திலிருந்து ஆங்கிலேயர் காலம் தொட்டு விலக்கு உள்ளது. 2019இல் மத்திய அரசு அதை 2029 வரை நீட்டித்தது. கர்நாடக உயர் நீதிமன்றம் 2021இல் அந்த விலக்கை உறுதி செய்தது. ஆண்டுதோறும் செப்டம்பரில் வரும் கைல்போத் திருநாளில் வீட்டுத் துப்பாக்கிகளைத் துடைத்துப் பூசை அறையில் வைத்து, தோக் பூ எனப்படும் செங்காந்தள் மலரால் அலங்கரிக்கின்றனர். 'தோக்' என்பது கொடவ மொழியில் துப்பாக்கி. ஆண்டுக்கு ஒருமுறையேனும் ஒவ்வொரு துப்பாக்கியும் வெளியே எடுக்கப்பட்டு, பார்க்கப்பட்டு, சுத்தம் செய்யப்படுவது அந்த விழாவின் நடைமுறைப் பயன்.

விளையாட்டரங்கில் இதே பழக்கம் விதியாக உள்ளது. பாரிஸ் ஒலிம்பிக்கில் டிராப் பிரிவில் களம் கண்ட புதுக்கோட்டையின் பிரித்விராஜ் தொண்டைமான் போன்ற வீரர்களின் துப்பாக்கிகள் போட்டியின்போது பரிசோதனைக்கு உட்பட்டவை. சர்வதேச விதிகள் அரைத் தானியங்கியை அனுமதித்தாலும், முன்னணி வீரர்கள் மேல்-கீழ் இரட்டைக்குழலையே விரும்புகின்றனர். எளிய அமைப்பில் பழுது குறைவு. குழல் காலியாக இருப்பதை மடக்கிய நிலையில் யாரும் கண்ணால் காணலாம்.

செய்யக்கூடியவை

தடையைத் தளர்த்தாமலேயே இந்த இடைவெளியை நிரப்ப முடியும். முதலாவது, சட்டத்தின் வாசகத்தில் ஒரே சொல்லாக நிற்கும் 'பாகங்களை' இரண்டாகப் பிரிப்பது. குழல், பூட்டுப்பகுதி, தோட்டாக் குழாய் போன்ற, ஆயுதத்தின் வகையை மாற்றவல்ல பாகங்கள் இன்றுள்ள கடும் கட்டுப்பாட்டிலேயே தொடரட்டும். சுருள்வில், மரக்கட்டைப் பிடி, உதை தாங்கும் மெத்தை போன்றவற்றை யார், எங்கே, எந்தப் பதிவோடு மாற்றலாம் என்பதை உரிமதாரருக்குப் புரியும் மொழியில் அரசு வெளியிடலாம்.

இரண்டாவது, உரிமப் புதுப்பிப்போடு ஆயுதத்தின் தகுதிச் சோதனையை இணைப்பது. 2016ஆம் ஆண்டின் விதிகள் விண்ணப்பதாரருக்குப் பாதுகாப்புப் பயிற்சியைக் கட்டாயமாக்கின. தேசியத் தரவுத்தளத்தில் ஒவ்வொரு உரிமத்துக்கும் தனி அடையாள எண் உள்ளது. ஆளுக்குப் பயிற்சியும் உரிமத்துக்கு எண்ணும் உள்ள நாட்டில், ஐந்து ஆண்டுக்கு ஒருமுறை குழலையும் பூட்டையும் அறை நீளத்தையும் பார்த்து ஒரு வரி குறித்துவைப்பது பெரும் சுமையாகாது. பிரிட்டனின் சோதனைக் கூடங்கள் போன்ற பணியை இங்குப் படைக்கலத் தொழிற்சாலைகளின் அனுபவத்தைக் கொண்டு அமைக்கலாம்.

மூன்றாவது, பன்றி சுடுதல் போன்ற பொதுப்பணிக்கு உரிமதாரரை அழைக்கும் மாநிலம், அந்தத் துப்பாக்கியின் தகுதிக்கும் பொறுப்பேற்பது. சுடுபவரின் பெயர்ப்பட்டியலைத் தயாரிக்கும்போதே ஆயுதங்களின் நிலையையும் பதிவு செய்தால் விபத்துகளைத் தவிர்க்க முடியும்.

இதற்கு எதிரான வாதமும் கவனத்துக்குரியது. பழுதுபார்க்கும் கூடங்களைப் பரவலாக்கினால் அவை சட்டவிரோத மாற்றங்களுக்கும் இடமாகலாம் என்ற காவல்துறையின் கவலை அடிப்படையற்றதன்று. ஆனால் அறிமுகமான உரிமக் கூடம் அருகில் இல்லாதபோது, துப்பாக்கி ஊர்க் கொல்லுப்பட்டறைக்குப் போகும் வாய்ப்பும் உண்டு. அங்கே பதிவேடு இருக்காது. செய்த வேலையைச் சோதிக்க ஆளிருக்காது. கண்காணிப்பின் நோக்கில் பார்த்தாலும், பதிவேடு உள்ள கூடமே மேலானது.

அரைத் தானியங்கி சிதறுகுண்டுத் துப்பாக்கியை இந்தியா பொதுமக்களிடமிருந்து விலக்கி வைத்திருப்பதை மாற்றக் கோருவதற்கு இன்று வலுவான காரணம் இல்லை. பிற நாடுகள் உயிர்களை இழந்து கற்ற பாடம் அந்த நிலைப்பாட்டை ஆதரிக்கவே செய்கிறது. ஆனால் உரிமம் கொடுத்து மக்களிடம் விட்டுவைத்துள்ள ஒற்றைக்குழல், இரட்டைக்குழல் துப்பாக்கிகள் ஆண்டுதோறும் மூப்படைகின்றன. 2019 திருத்தத்துக்குப் பின் ஐந்தாண்டு உரிமம் பெற்றவர்கள் புதுப்பிப்புக்கு வரும் காலம் இது. மாவட்ட நிர்வாகங்கள் அவர்களிடம் உரிமப் புத்தகத்தோடு துப்பாக்கியின் நிலையையும் கேட்கத் தொடங்குமா என்பதைப் பொறுத்தே, அடுத்த பன்றி வேட்டை இரவு யாருக்குப் பாதுகாப்பானதாக இருக்கும் என்பது தெரியவரும்.